தாளில் பிறந்த இசையைக் காதால் தேடி

“ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்னா ஆர்டர் போட்டு வரவழைச்சிடலாம் சார். ராஜபார்வைக்கு நான் எங்க போறது?”

அண்ணா சாலைப் பக்கம் ஓர் இசைக்கருவிக் கடை. மேசைக்குப் பின்னால் நின்றவர் இதைச் சொல்லிவிட்டு, எங்களுக்காக எடுத்துப் போட்ட புத்தகங்களை மறுபடி அலமாரியில் அடுக்கத் தொடங்கினார். உடன் வந்திருந்தவள் எங்கள் குடியிருப்பில் வசிக்கும் கல்லூரி மாணவி. சிறு வயதிலிருந்தே வயலின் கற்கிறாள். முதலில் கர்நாடக முறை, பிறகு மேற்கத்திய முறை. கல்லூரி விழாவில் தனியாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பக்கவாத்தியம் கிடையாது, கீபோர்டு கிடையாது, பின்னால் ஓடும் கரோக்கியும் வேண்டாம் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். ஒரு வெளிநாட்டுத் திரையிசை, ஒரு தமிழ்த் திரையிசை, இரண்டும் வெறும் வயலினில். அதற்கான தாளைத் தேடும் வேலையில் நானும் போய் ஒட்டிக்கொண்டேன்.

அச்சிட்ட இசைத்தாள் சென்னைக்குப் புதிய சரக்கு அல்ல. இதே சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் 1842-இல் தொடங்கிய கடை. ஆனால் நாங்கள் நின்றிருந்த கடையின் அலமாரியைப் பார்த்தால் இன்றைக்கு இசைத்தாள் யாருக்காக விற்கப்படுகிறது என்பது புரிந்துவிடும். டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். தேர்வுப் புத்தகங்கள், ஒன்றிலிருந்து எட்டு வரை கிரேடு வாரியாக. ஸ்கேல் புத்தகங்கள். கீபோர்டு பழகுகிறவர்களுக்கான திரைப்பாட்டுத் தொகுப்புகள் சில. வலது கைக்கு மெட்டு, இடது கைக்கு கார்டு பெயர், அவ்வளவுதான். வயலினுக்கென்று ஒரு தமிழ்த் திரைப்பாட்டை முறையாக எழுதி அச்சிட்ட தாளைக் கேட்டால் கடைக்காரர் நம்மையே திருப்பிக் கேட்கிறார்.

ஹாலிவுட் கதை வேறு. ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ 1993-இல் வந்தது. ஜான் வில்லியம்ஸ் இசை, வயலின் இட்ஸாக் பெர்ல்மன். படத்தின் இசைக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதிலிருந்து மூன்று பகுதிகளை வில்லியம்ஸே எடுத்து, வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் வாசிக்கும்படி கச்சேரி வடிவம் கொடுத்தார். வயலின், பியானோ இருவருக்கான பதிப்பும் அச்சில் இருக்கிறது. உலகின் எந்த மூலையில் வயலின் கற்கும் பிள்ளையும் பணம் கட்டினால் இசையமைப்பாளர் ஒப்புக்கொண்ட தாள் கைக்கு வந்துவிடும்.

அந்த வயலின் தாள் அவளிடம் ஏற்கெனவே இருந்தது. யாரோ கொடுத்த பழைய பிரதி. கடைக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது அதைப் பிரித்துக் காட்டினாள். “இது சோலோ மாதிரி தெரியும் அங்கிள். ஆனா சோலோ இல்ல. இங்க பாருங்க.” வயலின் ஒரே ஸ்வரத்தில் நீட்டி நிற்கும் இடங்களையும், சும்மா இருக்க வேண்டிய இடங்களையும் பென்சிலால் வட்டமிட்டிருந்தாள். அங்கெல்லாம் அடியில் பியானோவோ ஆர்கெஸ்ட்ராவோ நகர்ந்துகொண்டிருக்கும். வயலின் அசையாமல் நிற்பதே அந்த நகர்வைக் கேட்க வைப்பதற்காகத்தான். அடியில் இருப்பதை எடுத்துவிட்டால் நீட்டி நிற்கும் ஸ்வரம் காத்திருப்பதுபோலக் கேட்கும், எதற்கு என்றுதான் தெரியாது.

இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. ‘தி ரெட் வயலின்’ என்ற படம், 1998. ஒரே வயலின் நூற்றாண்டுகள் தாண்டிக் கைமாறிப் போகும் கதை. இசை ஜான் கோரிலியானோ, திரைக்குப் பின்னால் வயலின் வாசித்தவர் ஜோஷுவா பெல். அந்தப் படத்தின் இசையிலிருந்து துணையே இல்லாத தனி வயலினுக்காக ‘ரெட் வயலின் கேப்ரிசஸ்’ என்று ஒன்றை கோரிலியானோ எழுதினார். ஒரு தீம், அதன்மேல் ஐந்து வேறுபாடுகள். ஆர்கெஸ்ட்ராவின் மேல் வரியை மட்டும் உருவித் தந்திருந்தால் ஒரு மணி நேர வேலைதான். அவர் அப்படிச் செய்யவில்லை. தனி வயலின் என்றால் அதற்கென்று மறுபடி எழுதியாக வேண்டும் என்பது இசையமைத்தவருக்கே தெரிந்திருக்கிறது. இணையத்தில் ‘வயலின் சோலோ’ என்ற பெயரில் கிடைக்கும் திரையிசைத் தாள்களில் பெரும்பாலானவை பாடகரின் வரியை அப்படியே இறக்கி வைத்தவை. என் கணக்கில் அவை சோலோவில் சேராது.

அவள் தேர்ந்தெடுத்திருந்த தமிழ்ப் பாட்டு ‘அந்திமழை’. 1981-இல் வந்த ராஜபார்வை. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கமல்ஹாசனுக்கு நூறாவது படம், அதில் அவர் பார்வையற்ற வயலின் கலைஞர். வயலினுக்குத் தமிழ் சினிமாவில் ஒரு படம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். இளையராஜாவின் இசை. எஸ்.பி.பி., எஸ்.ஜானகியுடன் டி.வி.கோபாலகிருஷ்ணனின் குரலும் சேர்ந்த பாட்டு. வசந்தா ராகத்தை ஆதாரமாகக் கொண்டது. அதைத் தாளில் பிடிக்க வழி தெரிந்த ஒருவர் சாலிகிராமத்தில் இருக்கிறார் என்றாள். கிளம்பினோம்.

ஆற்காடு சாலை முழுக்க மெட்ரோ வேலை. தகரத் தடுப்புகளுக்கு நடுவே வண்டிகள் ஊர்ந்து போயின. வடபழனியில் ஏவி.எம்.மின் உருண்டை கண்ணில் பட்டு மறைந்தது. ஒரு காலத்தில் காலை ஒன்பது மணி கால்ஷீட்டுக்கு வயலின் பெட்டிகளோடு ஸ்கூட்டரிலும் பஸ்ஸிலும் ஆட்கள் போய்க்கொண்டிருந்த சாலை இது. அருணாசலம் சாலையில் பிரசாத் ஸ்டுடியோ. இளையராஜா அங்கே பல பத்தாண்டுகள் இசையமைத்தார். 2021-இல் கோடம்பாக்கத்தில் சொந்த ஸ்டுடியோ திறந்தார். நாங்கள் தேடிப்போன வீடு அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஒரு சந்துக்குள், முதல் மாடியில்.

மாஸ்டர் என்றுதான் அவளும் கூப்பிட்டாள், தெருவில் வழி சொன்ன இஸ்திரிக்காரரும் சொன்னார். எழுபதைத் தாண்டியவர். திரைப்பட ஆர்கெஸ்ட்ராக்களில் இரண்டாம் வயலின் வரிசையில் உட்கார்ந்து வாழ்க்கையை ஓட்டியவர். கூடத்தில் ஒரு மடிக்கணினி, அதற்குச் சம்பந்தமில்லாத அளவுக்குப் பெரிய பழைய ஹெட்போன், ஸ்வரத்தாள் நோட்டு, சீவிச் சீவிக் குட்டையாகிப்போன பென்சில்கள். ஜன்னல்களைச் சாத்திவிட்டு மின்விசிறியையும் நிறுத்தினார். “ஃபேன் சத்தத்துல பேஸ் கேக்காது தம்பி. கொஞ்சம் வேர்க்கும், பொறுத்துக்குங்க.”

நான் என் சந்தேகத்தை முதலிலேயே கேட்டேன். இந்தப் பாட்டையெல்லாம் அன்றைக்கு எழுதித்தானே வாசித்தார்கள்? அந்தத் தாள்?

“எழுதாம எப்படி? ஃபுல் ஸ்கோர் எழுதுவார் ராஜா சார். காப்பி பண்றவங்க அதைப் பார்த்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியா பார்ட் எழுதிக் குடுப்பாங்க. ஸ்டாண்டுல வெச்சிருக்கும். ரிகர்சல், டேக், முடிஞ்சா அடுத்த பார்ட். பேப்பர் ஸ்டாண்டுலயே இருக்கும், நாங்க எழுந்து போயிருவோம். பல நேரம் எந்தப் படம், எந்தப் பாட்டுன்னே எங்களுக்குத் தெரியாது. தியேட்டர்ல கேட்டப்புறம்தான், அட, இது நாம வாசிச்சதுன்னு தெரியும்.”

“ஒரு தாள்கூட வீட்டுக்கு எடுத்து வரலையா?”

“எதுக்கு? மளிகைக்கடை சீட்டா அது, பத்திரப்படுத்த? ராஜபார்வைக்கு நான் போகல. போயிருந்தாலும் என்கிட்ட இருந்திருக்காது.”

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு பக்கம் வியப்பு, ஒரு பக்கம் எரிச்சல். நாட்டுப்புறப் பாட்டு வாய்மொழியாக வந்தது, தாள் இல்லை, காதால் கேட்டு எழுதுகிறோம் என்றால் நியாயம். இது அப்படியா? மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய ஸ்வர எழுத்தைக் கற்றுக்கொண்ட ஒருவர், ஒலி பிறப்பதற்கு முன்பே மேசையில் உட்கார்ந்து முழுக்க எழுதி முடித்த இசை. எழுத்தில் பிறந்து, ஒலியாகி, எழுத்தை இழந்து, இப்போது ஒரு கல்லூரிப் பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடி எழுத்தாக்க உட்கார்ந்திருக்கிறாள். பாட்டுகளாவது ரெக்கார்டாகவும் கேசட்டாகவும் வெளிவந்தன. ஆர்.ஆர். என்று இவர்கள் சொல்லும் பின்னணி இசை பெரும்பாலும் அப்படித் தனியாக வெளிவந்ததே இல்லை. அது படத்துக்குள் மட்டுமே இருக்கிறது, வசனத்துக்கும் கதவு சாத்தும் சத்தத்துக்கும் அடியில்.

வேலை தொடங்கியது. முதல் தகராறு சுருதியில். அவளிடம் இருந்தவை இரண்டு கோப்புகள். ஒன்று பாட்டின் ஒலிப்பதிவு, இன்னொன்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதைப் பதிந்து யாரோ பகிர்ந்த முழுப்படம். ஒரே பாட்டு இரண்டிலும் வேறு சுருதியில் ஒலித்தது. அரைக் கட்டைகூட இல்லை, அதற்கும் குறைவான வித்தியாசம். “என் காதுதான் சரியில்லையோன்னு நினைச்சேன் மாஸ்டர்” என்றாள்.

“உன் காது நல்லாத்தான் இருக்கு. படம் ஓடுற வேகம் அது.”

திரையரங்கில் சுருள் வினாடிக்கு 24 சட்டகமாக ஓடும். நம் தொலைக்காட்சி முறை வினாடிக்கு 25. ஒரு சட்டகத்துக்காகத் தனி ஏற்பாடு செய்யாமல், படத்தையே 25-இல் ஓட்டிவிடுவது பழைய வழக்கம். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒலியும் கூடவே சுமார் நான்கு சதவீதம் வேகமாக ஓடும், சுருதி ஏறும். 440-இல் இருக்க வேண்டிய ஏ 458-ஐ ஒட்டிப் போய் நிற்கும். ஏ-யும் இல்லை, பி ஃபிளாட்டும் இல்லை. இதைத் தெரியாமல் எழுத உட்கார்ந்தால் தாளில் தவறான ஸ்கேல் விழும், நாலு ஷார்ப்போ ஐந்து ஃபிளாட்டோ வைத்து விரலை முறிக்கும். பழைய கேசட்டிலிருந்து ஏற்றிய பதிவுகளுக்கு வேறு நோய்; டேப் ஓடிய வேகத்தைப் பொறுத்து எங்கே வேண்டுமானாலும் நிற்கும். மாஸ்டரின் வழி எளிது. பதிவைத் தொடாதே, வயலினைத் திருகி அதன் சுருதிக்குச் சேர்த்துக்கொள், எழுதும்போது மட்டும் நல்ல ஸ்கேலுக்கு மாற்றி எழுது. கர்நாடகக்காரர்களுக்கு இது பழக்கமான காரியம். பாடகர் எந்தக் கட்டையோ அதற்குத் தந்தியைச் சேர்த்து ச-ப-ச-ப வைத்துக்கொள்கிறவர்கள். மேற்கத்திய முறையில் மட்டும் பழகிய பிள்ளைகள்தான் ஜி-டி-ஏ-ஈ-யை விட்டு நகர மறுப்பார்களாம்.

அடுத்ததாக அவள் ஒரு மென்பொருளைத் திறந்தாள். பாட்டைக் கொடுத்தால் குரல் தனி, தாளம் தனி, பேஸ் தனி எனப் பிரித்துக் கொடுக்கும் வகை. டீசர் நிறுவனம் 2019-இல் ‘ஸ்ப்ளீட்டர்’ என்று ஒன்றை இலவசமாக வெளியிட்ட பிறகு இவை பரவிவிட்டன. எனக்கு ஆவலாக இருந்தது. பிரித்தது. குரல் ஒரு கோப்பு, டிரம்ஸ் ஒரு கோப்பு, பேஸ் ஒரு கோப்பு, பியானோ ஒரு கோப்பு. வயலின்? “மற்றவை” என்ற கோப்பில், புல்லாங்குழல், கிதார், வேறு என்னென்னவோ எல்லாவற்றோடும் சேர்ந்து கிடந்தது. மாஸ்டர் சிரித்துவிட்டார். “முப்பது வருஷம் ரெண்டாம் வயலின் வாசிச்சவனுக்கு இது ஒண்ணும் புதுசில்ல. நாங்க எப்பவும் ‘மற்றவை’தான்.”

ஆனாலும் பேஸைத் தனியாகப் பிரித்ததை அவர் விரும்பினார். எழுதுவதை அதிலிருந்துதான் தொடங்கச் சொன்னார். இது எனக்கு எதிர்பாராதது. மெட்டைத்தானே வாசிக்கப் போகிறாள், மெட்டு எல்லோருக்கும் தெரியும், அதை ஏன் கடைசிக்குத் தள்ள வேண்டும்? அவர் சொன்ன காரணம்: மெட்டை முதலில் எழுதினால் அதோடு கை நின்றுவிடும். பேஸ் எந்த ஸ்வரத்திலிருந்து எந்த ஸ்வரத்துக்குப் போகிறது என்று தெரிந்தால்தான், அதே மெட்டு ஸ்வரம் முதல் தடவை ஏன் அமைதியாகவும் இரண்டாம் தடவை ஏன் கலக்கமாகவும் கேட்கிறது என்பது புரியும். தனி வயலினில் கொண்டுவர வேண்டியது அந்த வித்தியாசத்தை. அவள் பாதி வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு மாத்திரைக்கும் பேஸ் ஸ்வரத்தை ச-ரி-க-ம-வில் குறித்தாள். பிறகு நடுவில் கேட்கும் வயலின் கூட்டத்தின் வரிகள். இங்கே மாஸ்டரின் காது அசாத்தியம். மெட்டுக்கு ஒரு படி கீழே ஓடும் வரியை அவர் முதல் தடவை கேட்டபோதே முணுமுணுத்தார். வாழ்நாள் முழுக்க அந்த வரியில் உட்கார்ந்திருந்தவர். பாட்டைக் கேட்டால் அவர் காதுக்கு முதலில் எட்டுவதே அதுதான். மேல் வரி எப்படிப் போகும் என்று நான் கேட்டதற்கு, “அது ஃபர்ஸ்ட் வயலின்காரங்க சமாச்சாரம்” என்றார்.

மெட்டை எழுதும் முறைதான் முற்றிலும் நம்முடையது. வயலினைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார். பாடு, ஸ்வரம் சொல்லிப் பாடு, பிறகு வாசி, அதற்குப் பிறகு எழுது. பாடும்போது அவள் தானாகவே காந்தாரத்தை அசைத்தாள், மத்தியமத்தைத் தொட்டுத் திரும்பினாள். ஐந்து கோட்டில் எழுதும்போது அந்த அசைவு எங்கே போகும்? கோட்டின் மேல் வளைவு போடலாம், சறுக்கலுக்கு ஒரு கீற்று போடலாம், சின்ன ஸ்வரங்களாகச் சிதறி எழுதலாம். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தார்கள். சிதறி எழுதியது கண்ணுக்கு எறும்புப் புற்று மாதிரி இருந்தது. கடைசியில் ஐந்து கோட்டில் எலும்பு மட்டும், அதற்கு அடியில் தமிழில் ஸ்வரம், அசைய வேண்டிய ஸ்வரத்துக்குக் கீழே ஒரு கோடு. இரண்டு முறையும் தெரிந்த ஒருவர்தான் அந்தத் தாளை வாசிக்க முடியும். அவளுக்கு அது போதும்.

இடையில் மின்சாரம் போய், வியர்த்து வழிந்து, சீடையும் காப்பியும் வந்தன. அந்த நேரத்தில் பேச்சு குன்னக்குடி வைத்தியநாதன் பக்கம் திரும்பியது. தாள் எழுதும் இந்தப் பாடே இல்லாமல் சினிமாப் பாட்டை வயலினில் மேடை மேடையாக வாசித்தவர் அவர். கூடவே தவில் முழங்கும். திரைப்படங்களுக்கு இசையமைத்தவர், ‘ராஜராஜ சோழன்’ உட்பட. அவர் வாசித்தால் வயலினில் சொற்கள் கேட்கும் என்பார்கள். வில்லை எங்கே வெட்டுகிறார், எங்கே இழுக்கிறார் என்பதில் பாடல் வரியின் எழுத்துகளே விழும். கர்நாடகக் கச்சேரி ரசிகர்களில் ஒரு கூட்டம் முகம் சுளித்தது, இன்னொரு கூட்டம் கூடத்தை நிறைத்தது. எனக்கு இரண்டாம் கூட்டத்தின் பக்கம்தான் சாய்வு. அவர் நம்பியது கேட்பவரின் நினைவை. பாட்டு ஏற்கெனவே நம் தலைக்குள் முழு ஆர்கெஸ்ட்ராவோடு இருக்கிறது; வயலின் மெட்டைத் தொட்டதும் மிச்சத்தை நாமே வாசித்துக்கொள்கிறோம். அப்படிப் பார்த்தால் தெரிந்த திரைப்பாட்டை வாசிக்கும் தனி வயலினுக்குத் துணை இல்லை என்று சொல்ல முடியாது. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் துணைதான்.

மாஸ்டர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “தமிழ்நாட்டுல வாசிச்சா சரி. பாட்டே தெரியாதவன் எதிர்ல இருந்தா? அவனுக்கும் நிக்கணும்ல?” ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்டை மேடையில் கேட்கப்போகும் கல்லூரிப் பிள்ளைகளில் பலர் அந்தப் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் கேள்வியில் நியாயம் இருந்தது.

வேலையின் சுவையான பகுதி இருட்டத் தொடங்கியபோதுதான் வந்தது. எந்த ஸ்கேலில் எழுதுவது? வயலினின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் ஜி. அதற்குக் கீழே போக வழியில்லை, அதனால் மெட்டின் அடிமட்ட ஸ்வரம் அதற்கு மேலே இருக்க வேண்டும். அது ஒரு கணக்கு. இன்னொரு கணக்கு, திறந்த தந்திகள். விரல் வைக்காமல் ஒலிக்கும் தந்தி எந்த ராகத்தில் ஸ்வரமாக வருகிறதோ அந்த ராகம் வயலினில் தானாக முழங்கும். வசந்தாவில் இங்கே ஒரு சிக்கல். அதில் பஞ்சமம் கிடையாது. ஷட்ஜத்தை டி-யில் வைத்தால் பக்கத்துத் தந்தியான ஏ பஞ்சமம், அது ராகத்துக்கு ஆகாது. அதற்கடுத்த ஈ தந்தி சதுஸ்ருதி ரிஷபம், வசந்தாவில் சுத்த ரிஷபம்தான் உண்டு, அதுவும் ஆகாது. மேல் இரண்டு தந்திகளும் திறந்த நிலையில் விலக்கு. கீழே பார்த்தால் டி ஷட்ஜம், ஜி மத்தியமம். இரண்டும் ராகத்துக்குள். வயலின் பாதி திறந்து பாதி மூடிய வீடாகிவிடுகிறது. அந்த இருட்டு வசந்தாவுக்கு நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. டி-யில் எழுத முடிவாயிற்று.

உடனே அவள் ஆசை வளர்ந்தது. கீழே ஜி தந்தியைத் திறந்து பிடித்துக்கொண்டு மேலே டி-யில் மெட்டை வாசித்தாள். டபுள் ஸ்டாப். அறை நிறைந்தது, ஒரே வயலின்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. வயலினின் குதிரை வளைவாக இருப்பதால் வில் ஒரே நேரத்தில் இரண்டு தந்திகளில் நிற்கும், மூன்றை அழுத்தித் தொடலாம், நான்கு என்றால் உடைத்துத்தான் வாசிக்க வேண்டும். ஆர்கெஸ்ட்ராவை விட்டுவிட்டு வந்தவளுக்கு இந்த இரண்டு தந்திதான் மொத்தச் சொத்து. அதை ஏன் பயன்படுத்தக் கூடாது?

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “மறுபடி வாசிம்மா.” வாசித்தாள். “இப்ப ச எது?”

அவள் டி-யை வாசித்தாள்.

“கீழ ஜி-யைப் பிடிச்சுக்கிட்டே வாசி.”

வாசித்தாள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறியது. ஜி-யும் டி-யும் சேர்ந்து ஒலித்தால் காதுக்கு அது ச-ப. கீழே இருக்கும் ஜி ஷட்ஜமாகிவிடுகிறது. மத்தியமத்தைத் தரையாக்கினால் மேலே இருக்கும் ஸ்வரங்கள் எல்லாம் வேறு பெயர் எடுத்துக்கொள்கின்றன. வசந்தாவை வாசிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வேறு ஏதோ ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். கச்சேரியில் சுருதி பேதம் என்று வித்தையாகச் செய்துகாட்டும் விஷயம் இங்கே கேட்காமலே நடந்துவிட்டது.

“ஆனா மாஸ்டர், பேஸும் அங்க மத்தியமத்துக்குப் போகுதே? நாமதான எழுதினோம்?”

“போகுது. போயிட்டுத் திரும்பி வருது. நீ போயி அங்கயே பாய் விரிச்சிட்ட.”

பேஸ் எழுதிய தாளை மறுபடி எடுத்தார்கள். அது மத்தியமத்தில் நிற்கும் மாத்திரைகளில் மட்டும் ஜி, மற்ற இடங்களில் மெட்டு தனியாக, வாக்கியம் முடியும் இடத்தில் டி-யை இரண்டு தந்தியிலும் வாசிப்பது (ஜி தந்தியில் விரல் வைத்து ஒரு டி, பக்கத்தில் திறந்த டி). அப்படி வாசித்தபோது பேஸ் அங்கே இல்லாமலே அது நடந்து போவது கேட்டது. அலமாரிப் புத்தகத்தில் கிடைக்காத தாள் இதுதான் என்று எனக்கு உறைத்தது. சாயங்காலத்திலிருந்து எழுதியதில் முக்கால்வாசியைக் கிழித்துப் போட்டுவிட்டு மிஞ்சியது. பேஸ் வரி, இரண்டாம் வயலின் வரி, மென்பொருள் பிரித்துக் கொடுத்தது எல்லாம் எழுதப்பட்டன. எதை விடலாம் என்று தெரிந்துகொள்வதற்காக.

பின்னணி இசைத் துணுக்கு ஒன்றையும் எடுத்து வைத்திருந்தாள். அதில் இரண்டு மாத்திரையை வசனம் முழுங்கியிருந்தது. அதற்கு மாஸ்டர் சொன்ன வழி, படத்தை முழுதாகப் பார்ப்பது. ஒரு தீம் படத்தில் ஓரிடத்தில் மட்டும் வருவது அபூர்வம். இன்னொரு காட்சியில், வேறு வாத்தியத்தில், வசனம் இல்லாமல் அதே இடம் வெளிப்படும். மூடிய இடத்தைக் கற்பனையால் நிரப்புவதைவிட அதைத் தேடுவது மேல். அந்த வேலை வீட்டுப்பாடமாயிற்று.

சட்டத்தைப் பற்றியும் கேட்டு வைத்தாள், விழா வீடியோவை இணையத்தில் போடுவார்களாம். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் இசைப்படைப்பைப் பெயர்த்து எழுதுவதும் வேறு வாத்தியத்துக்கு அமைப்பதும் தழுவலாகக் கருதப்படுகின்றன; அந்த உரிமை படைப்பின் உரிமையாளருடையது. இசையமைப்பாளர் வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது நிற்கும். வீட்டில் பழகுவதற்காக எழுதிக்கொள்வதைத் தனிப்பட்ட நியாயமான பயன்பாடாகச் சட்டம் விட்டுவைக்கிறது. தாளை அச்சடித்து விற்பதும் வீடியோவாக ஏற்றுவதும் வேறு கணக்கு. அனுமதி கேட்க வேண்டியவை. “விக்கிறதுக்கா எழுதுறோம்?” என்றார் மாஸ்டர். வீடியோவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கல்லூரிக்காரர்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்வதாக அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கடைசியாக ஒன்று பாக்கி. எப்படி முடிப்பது? பாட்டில் பல்லவி திரும்ப வரும், வாத்தியங்கள் கைகொடுக்கும், முடியும். படத்தில் காட்சி மாறினால் அதுவே முடிவு. மேடையில் தனியாக நிற்பவளுக்கு அந்த வசதி இல்லை. ஷட்ஜத்தில் இறங்கி இரண்டு டி-யில் நிற்கச் சொன்னார் மாஸ்டர். அவளுக்கு அது நூறு கச்சேரியில் கேட்ட முடிவு. மத்தியமத்தில் நின்று, அடியில் எதுவும் பிடிக்காமல் அப்படியே விட்டுவிட ஆசை.

“தொங்கும்மா அது.”

“தொங்கட்டுமே மாஸ்டர்.”

“கைதட்டலாமா வேணாமான்னு தெரியாம முழிப்பாங்க.”

அவள் இரண்டு முடிவுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். மாஸ்டர் தன்னுடையதற்கு மேலே ‘1’ என்று பெரிதாகப் போட்டுக் கொடுத்தார்.